குழாயில் வந்த காவி

விருத்தாசலம் பக்கத்தில் ஓர் ஆசிரமம் இருந்தது. அங்கே யாருக்கும் காவி கிடையாது. நேற்று வந்து சேர்ந்தவருக்கும் வெள்ளைதான், குரு சௌந்தரம்மாவுக்கும் வெள்ளைதான். "சாயம் போடுற வேலை நமக்கு எதுக்கு?" என்று அம்மா ஒருமுறை சொன்னார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அப்படிப்பட்ட இடத்தில், ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும், எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாகக் காவிக்கு மாறிக்கொண்டிருந்தார்கள்.

காரணம் போர்வெல். அந்த மண்ணில் தண்ணீரோடு சேர்ந்து இரும்பும் வரும். அதைப் பிடித்துவைக்க மோட்டார் அறையை ஒட்டி ஆள் உயரத்துக்கு ஒரு பில்டர் நின்றது. உள்ளே மணல். தண்ணீர் மேலிருந்து கீழே இறங்கும், இரும்பு மணலில் தங்கிவிடும். தங்கியதை அப்படியே விட்டால் மணல் இறுகிப்போகும். அதனால் தினமும் கைப்பிடியைத் திருப்பி, தண்ணீரைக் கீழிருந்து மேலே ஓடவிட்டு மணலை அலச வேண்டும். சில வருடங்களில் மணலையே மாற்ற வேண்டும். இந்தப் பொறுப்பு தில்லைநாயகத்துடையது.

தில்லைநாயகம் லேசுப்பட்ட ஆள் இல்லை. அம்மாவைவிடப் பத்து வயது மூத்தவர். ஞாயிற்றுக்கிழமை சொற்பொழிவு அவருடையதுதான். மனத்தூய்மையைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் கூட்டம் கொட்டாவிகூட விடாது. மடிப்புக் கலையாமல் உட்கார்ந்து எழுந்திருக்க அவர் வேட்டிக்கு மட்டும்தான் தெரியும் என்று சமையல்கட்டில் கேலி பேசுவார்கள்.

அலசிய தண்ணீர் செக்கச்செவேல் என்று வெளியே வரும். அது வாசல் கேட்டை ஒட்டிய வாய்க்காலில் ஓடித்தான் வாழைத் தோட்டத்துக்குப் போக வேண்டும். கட்டியவர்கள் அப்படிக் கட்டிவிட்டார்கள். ஒரு நாள் அவர் கைப்பிடியைத் திருப்பிவிட்டு வாசலில் நின்றபோது, காரிலிருந்து இறங்கிய ஓர் அம்மாள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூக்கைச் சுளித்தார்.

"என்ன சாமி, ஆசிரமத்துலயே சாக்கடை ஓடுது?"

தில்லைநாயகத்துக்கு முகம் செத்துவிட்டது. சாக்கடை இல்லை, இரும்பு என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் அவர் கைப்பிடியைத் தொடவில்லை. அதற்கு மறுநாளும் தொடவில்லை.

மணல் அடைத்துக்கொண்டது. குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. அவர் என்ன செய்தார்? பில்டருக்குப் போகாமல் தண்ணீர் நேராகத் தொட்டிக்கு ஏற, பக்கத்தில் ஒரு குழாய் உண்டு. அதன் வால்வைத் திறந்துவிட்டார். தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. பில்டருக்கு வெளியே நல்ல நீலப் பெயின்ட்டும் அடித்துவிட்டார். பார்க்கப் புதுசுபோல் இருந்தது.

"மணல் மாத்தியாச்சா?" என்று அம்மா கேட்டார்.

"ஆச்சும்மா."

இந்தத் தண்ணீரில் ஒரு சூது உண்டு. பிடித்தவுடன் பார்த்தால் பளிங்கு மாதிரி இருக்கும். வைத்தால்தான் மஞ்சளாகும். அம்மாவுக்குச் சாயங்காலம் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுபோவது தில்லைநாயகத்தின் வழக்கம். இப்போதெல்லாம் அவர் பிடித்த கையோடு ஓட்டமும் நடையுமாகக் கொண்டுபோனார்.

"தண்ணி நல்லா இருக்கா?" என்பார் அம்மா.

"நல்லா இருக்கும்மா. இப்பவே குடிச்சிடுங்க."

அம்மா குடிப்பார். பார்ப்பவர்கள் இதைக் குருபக்தி என்று நினைத்தார்கள்.

வேட்டிகள் மஞ்சளாகி, பிறகு செங்கல் பொடியில் புரட்டியதுபோல் ஆயின. விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரியவர் தில்லைநாயகத்தைப் பார்த்துவிட்டுக் கைகூப்பி, "சாமி எந்த மடம்?" என்றார். இவர் ஊர்ப் பெயரைச் சொன்னாரே தவிர, இது காவி இல்லை என்று சொல்லவில்லை. கொஞ்சம் பிடித்தும் இருந்தது. அன்று இரவு அதை நினைத்துத் தன்மேலேயே அவருக்கு அருவருப்பு வந்தது. ஆனாலும் வால்வு திறந்தபடியேதான் இருந்தது.

துணி துவைப்பவர் பச்சையம்மா. கல்லில் அடித்தார், வெயிலில் போட்டார், நிறம் போகவில்லை. பயந்துபோய் பிளீச்சிங் பவுடர் வாங்கிப் போட்டார். இரும்புத் தண்ணீருக்கு அது ஆகாது. கறை இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொண்டது. ஆசிரம நிர்வாகம் பார்க்கும் பரமசிவம் அந்தப் பவுடர் பொட்டலத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

"இதைப் போட்டா துணி உருப்படுமா? யார் உன்னை இதெல்லாம் போடச் சொன்னது?"

"தண்ணியிலதான் என்னமோ இருக்குங்க."

பரமசிவம் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பளிங்கு. பக்கத்தில் நின்ற தில்லைநாயகத்திடம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க. தண்ணி எப்படி இருக்கு?"

பச்சையம்மா தில்லைநாயகத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் அவர்.

"அப்புறம் என்ன? ஞாயித்துக்கிழமையோட நின்னுக்க, பச்சையம்மா. வேற ஆள் பாத்துக்கிறோம்."

சனிக்கிழமை மாலை பச்சையம்மா அவரிடம் சொல்லிக்கொண்டு போக வந்தார். சட்டென்று குனிந்து காலைத் தொட்டார்.

"என் கைதான் சரியில்லை போலிருக்கு, சாமி. எம் மகளுக்கு இந்தத் தையில கல்யாணம் வச்சிருக்கேன். துணியைக் கெடுத்தவன்னு பேர் போயிட்டா எவ வீட்டுல வேலை தருவா? எனக்காக ஒரு வார்த்தை வேண்டிக்குங்க."

தில்லைநாயகம் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விட்டால் தேவலை என்று இருந்தது. "சரி, சரி" என்று மட்டும் சொன்னார். அன்று அவர் டம்ளர் எடுத்துக்கொண்டு போகவில்லை.

ஞாயிறு காலை அம்மாவின் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"அம்மா, மனசுல ஒரு கறை படிஞ்சா அதை எப்படிப் போக்குறது?"

"பச்சையம்மா உங்ககிட்ட வந்தாளா?"

அவர் தலை குனிந்தார்.

"என்கிட்டயும் வந்தா. இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் இருன்னு சொல்லியிருக்கேன்" என்றபடி அம்மா எழுந்தார். "வாங்க, பில்டரை அலசிட்டு வருவோம்."

"இப்பவா? சொற்பொழிவுக்கு ஆளுங்க வர்ற நேரம்மா. வாசல் பூரா ஓடும்."

"ஓடட்டும்."

பில்டர் நீல நிறத்தில் பளபளவென்று நின்றது. அம்மா அதன் வயிற்றை விரலால் சுண்டினார். நல்ல பெயின்ட் என்றார்.

திறந்திருந்த பக்கக் குழாயை மூடினால்தான் பில்டருக்குள் தண்ணீர் போகும். அம்மாவின் கண் முன்னால் தில்லைநாயகம் அந்த வால்வை மூடினார். மூன்று மாதத் துருவில் அது கிறீச்சிட்டது. அவருக்குத் தன் கழுத்தை யாரோ திருகுவதுபோல் இருந்தது. கைப்பிடியைத் திருப்பினார். அம்மா மோட்டாரைப் போட்டார்.

முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு குழாய் இருமியது. பிறகு கொழகொழவென்று சிவப்புச் சேறு வந்தது. பழைய நாள் தண்ணீர் இல்லை இது. கெட்டியாக, நாற்றத்தோடு, வாய்க்கால் நிறைந்து, கேட்டுக்கு முன்னால் வழிந்தது. வந்தவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். பரமசிவம் ஓடிவந்தார். துவைகல் பக்கமிருந்து பச்சையம்மாவும் வந்து நின்றார். அத்தனை பேரும் சேற்றைப் பார்த்தார்கள், பிறகு தில்லைநாயகத்தின் வேட்டியைப் பார்த்தார்கள். இரண்டும் ஒரே நிறம்.

அம்மா மோட்டாரை நிறுத்தவில்லை.

"பரமசிவம்" என்றார் தில்லைநாயகம். "பச்சையம்மா மேல தப்பில்லை. நான்தான் பில்டரை அலசலை. வால்வைத் திறந்துவிட்டது நான். மணலும் மாத்தலை, பெயின்ட்தான் அடிச்சேன். தெரிஞ்சே தண்ணி நல்லா இருக்குன்னு பொய் சொன்னேன்."

கூட்டத்தில் யாரோ "அடப்பாவி" என்றார்கள். மெதுவாகத்தான் சொன்னார்கள். ஆனால் கேட்டது.

பச்சையம்மா அழவில்லை. வாழ்த்தவும் இல்லை.

"மூணு மாசமா ராத்திரி படுக்கையில என் கையையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன், சாமி" என்றார். "அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே." சொல்லிவிட்டுத் துவைகல்லுக்கே திரும்பிப் போனார்.

அவர் பின்னாலேயே பரமசிவமும் போனார். கல்லுக்குப் பக்கத்தில் நின்று வேலையை விட்டுப் போக வேண்டாம் என்று தடுமாறித் தடுமாறிச் சொன்னார். பச்சையம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் ஊறவைத்த துணிகளைப் பிழிந்து, அன்றைய வேலையை விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

அன்று சொற்பொழிவு நடக்கவில்லை. தில்லைநாயகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பில்டரின் மூடியைத் திறந்தார். உள்ளே மணல் செங்கல்லாய் இறுகியிருந்தது. கம்பியால் குத்திக் குத்தி, கையால் அள்ளி வெளியே கொட்டினார். நகமெல்லாம் சிவந்தது. உதவிக்கு வந்தவர்களை அவரே போகச் சொல்லிவிட்டார்.

இரண்டு நாளில் புது மணல் வந்தது. நிரப்பினார். அலசினார். வாசலில் ஆள் இருக்கிறதா என்று பார்க்காமல் அலசினார்.

அன்று சாயங்காலம் டம்ளரில் தண்ணீர் பிடித்து அம்மாவின் பக்கத்தில் வைத்தார். ஓடிவரவில்லை, இப்பவே குடியுங்கள் என்றும் சொல்லவில்லை. எதிரில் உட்கார்ந்தார். விளக்கு வைக்கும் நேரம் வரை டம்ளர் அங்கேயே இருந்தது. தண்ணீர் நிறம் மாறவில்லை.

அம்மா எடுத்துக் குடித்தார். அன்று அவர் எதுவும் கேட்கவில்லை.

அது தில்லைநாயகத்துக்கு உறைத்தது. அம்மா உடுத்தியிருந்த புடவையைப் பார்த்தார். அதுவும் பழுப்பேறித்தான் இருந்தது.

"அம்மா, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"இரும்பு நாக்குல தெரியாதா?"

"அப்ப என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாம்மா?"

அம்மா காலி டம்ளரை அவர் கையில் கொடுத்தார்.

"தினமும் கேட்டுட்டுத்தானே குடிச்சேன்" என்றார்.