ராஜாவைச் சாகவிடாத நாடகம்

ஓட்டைக்குளம் மேல்நிலைப்பள்ளிப் பிள்ளைகள் தங்கமானவர்கள். சொன்னதை அப்படியே செய்வார்கள். அதுதான் ஐயா வினை.

அந்த வருஷம் மாவட்ட நாடகப் போட்டி அவர்கள் பள்ளி மைதானத்திலேயே நடந்தது. பாட்டு டீச்சர் கோமளவல்லி பதினோரு வருஷமாக அந்தக் கேடயத்துக்கு ஏங்குகிற மனுஷி. பழைய பாட்டு நாடகம் ஒன்றை எடுத்தார். கடைசியில் ராஜா குத்துப்பட்டுப் பாடிக்கொண்டே சாவார், ராணி ஒரு பாட்டுப் பாடுவாள், திரை விழும்.

"ஜனங்க ஒன்ஸ்மோர் கேட்டா மறுபடி பாடணும். அதுதான் மேடை மரியாதை" என்று சொல்லிவைத்தார்.

ராஜா வேஷம் இருளப்பனுக்கு. பாடினான், செத்தான். "ஒன்ஸ்மோர்!" என்றது கூட்டம். எழுந்தான். தளபதி தவமணி தடுத்தான்.

"இருடா. குத்துப்படாம சாவுப் பாட்டை எப்படிப் பாடுவே?"

"ஆமால்ல. குத்து."

தளபதி குத்தினான். ராஜா பாடினான், செத்தான். மறுபடி ஒன்ஸ்மோர். ஐந்தாவது குத்தில் தகரக் கத்தி வளைந்துவிட்டது. தளபதி உள்ளே போய்ச் சுத்தியலால் தட்டி நிமிர்த்திக்கொண்டு வரும்வரை ராஜா பொறுமையாக நின்றார்.

நாற்பது நிமிஷம் தாண்டினால் போட்டியிலேயே கிடையாது. மூன்று நிமிஷம்தான் பாக்கி. டீச்சர் மேடை ஓரத்திலிருந்து அலறினார்: "இனிமே நான் என் வாயால சொல்ற வரைக்கும் செத்தே கிடக்கணும்! எழுந்தே, தோலை உரிச்சிடுவேன்!"

அலறிய அலறலில் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ராணி பாடினாள், திரை விழுந்தது. முதல் பரிசும் கிடைத்துவிட்டது!

"ராஜா நேர்ல வந்து வாங்கணும். வரலேன்னா கேடயம் அடுத்த பள்ளிக்கு" என்றார் நடுவர்.

டீச்சர் வாயைத் திறந்தார். வெறும் காற்று வந்தது. கையை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர்.

"டீச்சர் அழறாங்கடா" என்றாள் ராணி பூங்காவனம்.

"ராஜா செத்தா அழ மாட்டாங்களா?" என்றான் தளபதி.

"உனக்கு உசிரு இருக்கா இருளப்பா?" என்று குனிந்து கேட்டாள் ராணி.

"இருக்கு. டீச்சர்தான் இன்னும் சொல்லலையே" என்றது பிணம், கண்ணைத் திறக்காமல்.

ரொம்ப யோசித்தார்கள். பிறகு பெஞ்சில் கிடத்தி நாலு பேர் தூக்கிப் போனார்கள். நடுவர் வெலவெலத்துப்போய்க் கேடயத்தை நெஞ்சின்மேல் வைத்தார். கோமளவல்லி டீச்சர் அதைக் கட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு சந்தோஷம்!

தலைமையாசிரியர் சங்கரலிங்கம் மைக்கைப் பிடித்தார். "ராஜா மறைவையொட்டி நாளைக்குப் பள்ளி விடுமுறை."

பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது. "சார், எனக்கும் லீவு உண்டா?"

"செத்தவனுக்கு எதுக்குப்பா லீவு?" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அப்பாவை வந்து டி.சி. வாங்கிக்கச் சொல்லு."