அடுப்பேறாத தண்ணீர்

தண்ணீர் தெளிந்துவிட்டது. இனிமேல்தான் பயப்பட வேண்டும் என்று உலகாயி மனத்துக்குள் சொல்லிக்கொண்டாள். கலங்கலாக இருக்கும்வரை யாரும் அதைக் குடிக்கத் துணியமாட்டார்கள். தெளிந்த பிறகு யாரைத் தடுப்பது?

முன்னொரு காலத்தில், ராஜா தும்மினால் சபையே தும்மிய காலத்தில் நடந்தது இது. அந்த ராஜாவுக்கு விகடம் சொல்லுகிறவள்தான் உலகாயி. ராணி இறந்து ஓர் ஆண்டாகியும் அவளால் ராஜாவை ஒரு தடவைகூடச் சிரிக்க வைக்க முடியவில்லை. திடீரென்று ஒரு நாள், ராணிக்குப் பிடித்த மலைக்கோயிலுக்கு வெறுங்காலோடு நடந்தே போகப்போவதாக ராஜா அறிவித்தார். கோயில் சேரும்வரை அடுப்பேறிய எதையும் உண்பதில்லை, பருகுவதில்லை என்று சபையறியச் சத்தியமும் செய்தார். வழி நெடுகப் பழமும், ஊறவைத்த அவலும், பச்சைத் தண்ணீரும்தான்.

பிரதானி நாகேசருக்கு உலகாயியைக் கண்டாலே ஆகாது. ராஜாவைக் கேலி பேசுகிற ஒருத்திக்கு ராஜாவின் பக்கத்திலேயே இருக்கை என்றால் எந்தப் பிரதானிக்குத் தூக்கம் வரும்?

"அரசே, வழியில் தங்கள் குடிநீரை உலகாயியே பார்த்துக்கொள்ளட்டும்" என்றார் அவர். "தங்கள் உடலுக்குக் கேடு வந்தாலும், விரதத்துக்குக் கேடு வந்தாலும், அவள் தலைதான் பொறுப்பு."

துக்கத்தில் இருந்த ராஜா எதற்கும் தலையாட்டினார். இதற்கும் ஆட்டினார்.

வழியில் முதலில் ஊர்க்கிணறுகள் இருந்தன. பிறகு காட்டாற்று மணலைத் தோண்டினால் ஊற்று சுரந்தது. இப்போது வந்திருக்கும் பொட்டலில் மணலுக்கு அடியிலும் மணல்தான். எருமைகள் புரண்டெழுந்த குளம் ஒன்று மட்டும் வற்றாமல் கிடந்தது. உலகாயி அந்த நீரை நான்காக மடித்த துணியில் வடிகட்டினாள். மண்குடத்தின் உள்பக்கம், கலங்கலைத் தெளியவைக்கும் தேற்றாங்கொட்டையை உரைத்து, அதில் ஊற்றி வைத்தாள். சேறு அடியில் படிந்தது. மேலே நின்ற நீர் பளிங்காக மின்னியது.

சுமையாள் மொக்கையன் அவளுக்குத் தெரியாமல் அதில் இரண்டு கை அள்ளிக் குடித்துவிட்டான். மறுநாள் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான்.

"அக்கா, குடலை முறுக்கிப் பிழியுது அக்கா. கண்ணாடி மாதிரிதானே இருந்துச்சு?"

"கண்ணாடிதான்டா. அதுல உன் மூஞ்சி தெரியும். உள்ள இருக்கிறதா தெரியும்?"

உச்சிப்பொழுதில் ராஜா வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். அவர் உதடுகள் வெடித்திருந்தன. வெள்ளிக் கிண்ணத்தை நீட்டினார்.

உலகாயி கிண்ணத்தைப் பார்க்கவில்லை, அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். ஒரு பயணத்தில் சுனையொன்றைக் கண்டு, 'என்ன தெளிவு பார்!' என்று சொல்லி, ராணிக்கு அள்ளிக் கொடுத்த கை அது. ஊர் திரும்பும் முன்பே ராணி வாந்தியும் பேதியுமாகப் போய்விட்டாள். நாடே அறிந்த கதை, நாட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத கதை. அன்றிலிருந்து ராஜா கையால் நீர் அள்ளியதில்லை.

"இதைக் காய்ச்சாம குடுக்க மாட்டேன், மகராசா" என்றாள்.

நாகேசர் முகம் மலர்ந்தது. "காய்ச்சினால் விரதம் கெடும், காய்ச்சாவிட்டால் உடம்பு கெடும். அம்மணிக்கு எது வசதி?"

"விரதத்தை விடமாட்டேன்" என்றார் ராஜா. "அப்படியே கொடு உலகாயி. வருவது வரட்டும்."

அந்தக் கடைசி இரண்டு சொற்கள் அவளைச் சுட்டன. இது ராணிக்காக எடுத்த விரதம் இல்லை. தனக்குத் தானே விதித்துக்கொண்ட தண்டனை. வரப்போவதற்காக இந்த மனுஷர் காத்திருக்கிறார்.

அவள் சிரித்த முகத்தோடு எழுந்தாள். "தண்ணி அடுப்பேறாது மகராசா. பிரதானியே காவல் இருக்கட்டும்."

தெளிந்த நீரைச் செப்புத் தவலையில் ஊற்றி, ராஜாவின் காலடியில் வெறுந்தரையில் வைத்தாள். சுமையாட்களைக் கூப்பிட்டாள். "கூழாங்கல் பொறுக்கிட்டு வாங்கப்பா. குளத்தடியில கிடக்கிறது வேணாம். ஈரம் ஊறியிருக்கும், சூட்டுல வெடிச்சிடும். மேட்டுல காய்ஞ்சு கிடக்கிறதாப் பாருங்க."

தள்ளி ஓரிடத்தில் சுள்ளி மூட்டி, கற்களைத் தணலில் புதைத்தாள். அவை செக்கச் சிவந்ததும், பரிவாரத்தில் மாட்டுக்கு லாடம் அடிக்கிறவரின் குறடால் ஒவ்வொன்றாக எடுத்து, சாம்பலைத் தட்டிவிட்டுத் தவலையில் போட்டாள். சொய்ங்! நீர் துள்ளியது. ஆறிய கல்லை வெளியே எடுத்தாள், சூட்டுக் கல்லை உள்ளே போட்டாள். தரையில் சும்மா உட்கார்ந்திருந்த தவலை ஆவி பறக்கத் தளதளவென்று கொதித்தது. சற்று நேரம் அப்படியே கொதிக்க விட்டாள்.

"மோசடி!" என்று குதித்தார் நாகேசர். "கல் நெருப்பில் கிடந்ததே!"

"ஆமாங்க, கல்லுக்கு விரதம் போச்சு. கோயில்ல போய் அதுக்கு நீங்களே பரிகாரம் பண்ணிடுங்க. மகராசா குடிக்கப்போறது தண்ணியைத்தான். கல்லு வேணும்னா உங்களுக்கு எலை போட்டுப் பரிமாறுறேன்."

மரத்தடியில் ஏதோ சத்தம் கேட்டது. முதலில் இருமல் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ராஜா சிரித்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்க, கண்ணில் நீர் முட்ட, ஓராண்டுச் சிரிப்பை ஒரே மூச்சில் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி உலகாயியிடம் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். தவலை நீர் ஆறியதும் மொக்கையனுக்கு ஒரு செம்பு அனுப்பச் சொன்னாள். அதை எடுத்துப்போக ராஜா பிரதானியையே ஏவினார்.

நாகேசர் போன பிறகு மரத்தடியில் இரண்டு பேர்தான். ராஜாவின் சிரிப்பு மெல்ல அடங்கியது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுத் தம் உள்ளங்கையைப் பார்த்தபடி இருந்தார்.

"உலகாயி, அன்றைக்குச் சுனைத் தண்ணீரையும் இப்படிக் கொதிக்க வைத்திருந்தால்… அவள் பிழைத்திருப்பாளா? நீ பொய் சொல்லமாட்டாய். சொல்."

அவளுக்குப் பதில் தெரியும். அவருக்கும் தெரியும் என்பதும் தெரியும்.

"அதுக்கு மட்டும் பதில் சொல்லமாட்டேன், மகராசா" என்றாள் மெதுவாக, தவலையிலிருந்து இன்னொரு செம்பில் நீரை மொண்டபடி. "கையைக் குவிச்சு நீட்டுங்க. தண்ணி ஆறிடுச்சு."