சேர்மன் வண்டியில் ஏறிய ஆணி

மேகம் இறங்கி ரோட்டிலேயே படுத்துக் கிடந்த விடிகாலை. சேர்மன் தணிகாசலத்தின் கார் மிதந்து வந்து, செவந்தியின் பஞ்சர் கடை முன்னால் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

"வியாபாரத்துக்கு நீதானே ரோட்டுல ஆணி போடுற?" என்று சேர்மன் சீறினார். "இல்லேன்னா, யாரு போட்டதுன்னு அந்த ஆணியையே சொல்ல வை. சொல்லலேன்னா கடையை மூடு!"

செவந்தி ஸ்டெப்னியை மாட்டிவிட்டு, காற்று இறங்கிய டயரிலிருந்து ஆணியைப் பிடுங்கி நீட்டினாள்.

"ஆணிக்கு வாய் இல்லீங்க தலைவரே. முகம்தான் இருக்கு."

ஆணித் தலையில் பேனர் துண்டு சிக்கியிருந்தது. அதில் சேர்மனின் பாதி மீசை.

மேகம் மெல்ல விலகியது. பிறந்தநாள் பேனர்களில் ரோடு நெடுக அவரே கைகூப்பி மிதந்துகொண்டிருந்தார்.

"பஞ்சர் ஒட்டி, அந்த டயருக்கும் நல்லா காத்தடிச்சு டிக்கியில வெச்சுடறேன்," என்றாள் செவந்தி. "போற வழியெல்லாம் நீங்கதானே இருக்கீங்க."