மச்சினன்மார் தின்ற சோளம்

"களை எடுக்க ஆள் எதுக்குடா? உரத்தை ரெண்டு மடங்கு கொட்டு, போதும்" என்று உத்தரவு போட்டவர் பண்ணையார் தில்லைநாதன்தான். அறுவடையன்று அவரே ஸ்வீட் கார்னை ஒடித்துக் கடித்தால் சக்கையாகச் சப்பென்று இருந்தது.

"இனிப்பும் சத்தும் எங்கடா போச்சு? நாளைக்குள்ள சொல்லு, இல்லேன்னா ஓடிப்போ!" என்று சடையன்மேல் பாய்ந்தார். வயல், அடுப்படி இரண்டுக்கும் சடையன் ஒருத்தன்தான்.

மறுநாள் மத்தியானம் பண்ணையார் சாப்பிட உட்கார்ந்தார். மிஞ்சியிருந்தது ரசம் மட்டும். எதிரே ஓசிச்சோற்று மச்சினன்மார் மூன்று பேரும் ஏப்பம் விட்டார்கள்.

"எனக்குச் சோறு எங்கடா?"

"ரெண்டு மடங்கு சமைச்சேனுங்க. இவங்க முந்திக்கிட்டாங்க. களையை எடுக்கவே ஆள் வேண்டாம்னீங்க, இவங்களை எழுப்ப மட்டும் ஆள் ஏதுங்க? சோளத்துக்கும் இதே பந்திதாங்க நடந்துச்சு."

அடுத்த விதைப்பில் களை எடுக்க ஆள் இறங்கியது. மூன்று மச்சினன்மாரும்தான்.