ஊசிவாயின் சிவப்பு அம்பு

கடலோர ஆய்வகம் ஒன்றில் தெய்வானை என்றொரு பேராசிரியை இருந்தார். கடல் நீரோட்டத்தைப் படமாக வரைவது அவர் கற்றுக்கொடுத்த வித்தை. நீர் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் பார்த்து ஓர் அம்பு. அம்புகள் எல்லாம் ஒரே நீளம். வேகத்தைச் சொல்வது நிறம். மெதுவாக ஓடினால் நீலம், மிதமாக ஓடினால் மஞ்சள், விரைந்து ஓடினால் சிவப்பு.

அவரிடம் இரண்டு மாணவர்கள். பொன்னரசி ஆறு வருஷமாக வடக்குக் கடலை வரைகிறாள். ஆன்டோ போன வருஷம் வந்து சேர்ந்தவன். அவனுக்குத் தெற்குக் கடல். அடுத்த மாதம் புறப்படும் ஆய்வுக் கப்பலில் நாற்பது நாள் போய்வர ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அது தனக்கு வரவேண்டும் என்று பொன்னரசி வேண்டாத தெய்வமில்லை.

வாரந்தோறும் இரண்டு படங்களையும் துறைமுகப் பலகையில் ஒட்டுவார்கள். ஆன்டோவின் படம் சிவப்பும் மஞ்சளுமாகக் கல்யாண வீடு மாதிரி இருக்கும். பொன்னரசியின் படம் முழுக்க நீலம். ஒரு மூலையில் மட்டும் ஒற்றைச் சிவப்பு அம்பு. போகிறவர் வருகிறவர் எல்லாம் ஆன்டோவின் படத்தின் முன்னால்தான் நிற்பார்கள்.

"தம்பி படம் என்ன களையா இருக்கு!" என்று ஐஸ் கம்பெனிக்காரர் சொன்ன அன்று அவளுக்கு மதியச் சோறு இறங்கவில்லை. நேற்று வந்தவனுக்கு வந்த வாழ்வைப் பார் என்று வயிறு எரிந்தது. அவன் நல்லவனாக வேறு இருந்து தொலைத்தான். தினமும் அவளுக்கும் சேர்த்து டீ வாங்கி வருவான். அந்த டீயும் கசந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை புதுப் படத்தோடு ஆசிரியை முன்னால் போய் நின்றாள். படம் செக்கச்செவேல் என்று இருந்தது.

"ஒரே வாரத்துல கடல் மாறிருச்சா?" என்றார் தெய்வானை.

"இல்ல மேடம்."

"ஊசிவாய் எங்க?"

ஊசிவாய் என்பது இரண்டு தீவுகளுக்கு நடுவே உள்ள இடுக்கு. அங்கே நீர் பாயும் வேகத்தில் முன்பொரு மீன்பிடி வள்ளம் கவிழ்ந்திருக்கிறது. அந்த ஒற்றைச் சிவப்பு அம்பு அதுதான். அந்தந்தப் படத்தில் எது பெரிய வேகமோ அதற்குத்தான் கணினி முழுச் சிவப்பைக் கொடுக்கும். மற்றதெல்லாம் அதற்குக் கீழே நீலத்தில் அடங்கிவிடும்.

"எடுத்துட்டேன் மேடம். அது ஒண்ணு இருக்கிறதாலதான் என் கடல் பூராவும் சோகை பிடிச்ச மாதிரி தெரியுது."

"வள்ளக்காரங்க இதைப் பாத்துட்டுத்தானே போவாங்க?"

பொன்னரசி தலையைக் குனிந்துகொண்டாள். பொறாமைக்கு வள்ளம் தெரியுமா, வள்ளக்காரன் தெரியுமா?

தெய்வானை திட்டவில்லை. "அந்த அம்பைத் திரும்பப் போடு. ஆன்டோ படத்தையும் எடு. ரெண்டுக்கும் ஒரே அளவுகோல் வை."

ஊசிவாயின் வேகம்தான் இரண்டு படத்துக்கும் முழுச் சிவப்பு என்று வைத்தாள். இரண்டும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. ஆன்டோவின் படத்தில் மருந்துக்குக்கூடச் சிவப்பு இல்லை. ஒரே நீலம்.

"பாத்தீங்களா மேடம்! அவன் கடல்தான் சும்மா கிடக்குது!" ஒரு வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் முகம் மலர்ந்தது.

"உன் படத்துல என்ன மாறியிருக்கு?"

பொன்னரசி உற்றுப் பார்த்தாள். ஒவ்வோர் அம்பாகப் பார்த்தாள். போன வாரம் பலகையில் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது.

"ஒண்ணும் மாறல."

"பின்ன எதுக்கு இவ்வளவு சந்தோஷம்?"

பொன்னரசி ஒரு மாதமாக மனதை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டே விட்டாள்.

"கப்பலுக்கு யாரு மேடம்? அவனா?"

"உன் பேரை அனுப்பிப் பத்து நாளாச்சு."

பொன்னரசியை வெட்கம் பிடுங்கித் தின்றது. தெய்வானை அந்தச் செக்கச்செவேல் படத்தை நான்காக மடித்து அவள் கையில் கொடுத்தார்.

"நாப்பது நாள் நடுக்கடல்ல, பக்கத்துல ஆன்டோ படம் இருக்காது. உன் படம் நல்லா இருக்கா இல்லையான்னு எதை வச்சுத் தெரிஞ்சுக்குவே?"