பூந்தியின் கடைவாய்ப் பல்

பாளையங்கோட்டையில், மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டும் கீழே நாய் பூனை ஆஸ்பத்திரியுமாக ஒரு கட்டடம் இருந்தது. இப்போது அங்கே செல்போன் கடை. அந்த நாளில் மேலே தட்டச்சுச் சத்தம் மழை மாதிரி பெய்துகொண்டிருக்கும். கீழே டாக்டர் ஹெப்சிபா ஏதாவது ஒரு பூனைக்குத் தையல் போட்டுக்கொண்டிருப்பார். ஸ்பிரிட்டும் ஈர நாய்முடியும் கலந்த அந்த வாசனையில்தான் உதவி டாக்டராக வந்த தமயந்தி தொழில் கற்றாள்.

நன்றாகவே கற்றாள். மதியத்துக்குள் இரண்டு பெண் நாய்களுக்குக் கருப்பை எடுத்துவிட்டு, கை கழுவி, தயிர்சாத டப்பாவைத் திறக்கிறவளாக இருந்தாள். பிரசவத்துக்குப் போய், குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுத் திரும்பி வந்த பிறகுதான் எல்லாம் மாறிப்போனது. மேஜையில் ஒரு நாய்க்குட்டி மயங்கிக் கிடந்தது. அதன் வயிறு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள். கத்தி கையில் இருந்தது. கைதான் போகவில்லை. டாக்டர் வந்து முடித்துக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் தமயந்தி கேட்டுவிட்டாள்.

"மேடம், இனிமே தடுப்பூசி, சொறி, வயித்துப்போக்கு எல்லாம் நான் பாத்துக்கறேன். ஆபரேஷன் மேஜை மட்டும் வேண்டாம்."

"ஏன்?"

"பயமா இருக்கு. மூச்சு நின்னுபோச்சுன்னா?"

ஹெப்சிபா கொதிநீரிலிருந்து எடுத்த கத்தரிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பயம் எப்ப மேடம் போகும்?"

டாக்டர் கடைசிக் கத்தரியையும் துடைத்துத் துணியில் வைத்தார்.

"நாளைக்குச் சவரிமுத்து சார் வருவாரு. நாயை நீ பாரு."

சவரிமுத்து சார் ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர். பென்ஷன் வாங்கப் போனாலும் பூந்தி என்ற வெள்ளை நாயோடுதான் போவார். வீட்டில் வேறு யாரும் இல்லை. பூந்திக்கு ஒரு கண்ணுக்குக் கீழே வீங்கி, சீழ் கசிந்தது. சார் மாதக்கணக்காகக் கண் மருந்து விட்டுக்கொண்டிருந்தார்.

தமயந்தி உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். மேல் கடைவாய்ப் பல் நெடுக்காகப் பிளந்திருந்தது.

"கண்ணுல ஒண்ணுமில்ல சார். பல்லு வேருல சீழ் பிடிச்சுக் கன்னம் வழியா வருது. எலும்பு கொடுப்பீங்களா?"

"எனக்குக் கடிக்க முடியாத எலும்பையெல்லாம் அதுக்குத்தானம்மா கொடுத்தேன்!"

"மயக்கம் கொடுத்துப் பல்லை எடுக்கணும். நாளைக்கு வெறும் வயித்தோட கூட்டிட்டு வாங்க. வயித்துல ஏதாவது இருந்து, மயக்கத்துல வாந்தி வந்து நுரையீரலுக்குள்ள போயிட்டா உயிருக்கே ஆபத்து."

சார் முகம் சின்னதாகிவிட்டது. "எந்திரிச்சுரும்லா?"

தமயந்தி பூந்தியின் கன்னத்துச் சீழைப் பஞ்சால் துடைத்தாள்.

மறுநாள் காலை டாக்டரே மேஜைக்கு வந்தார்.

"வெறும் வயிறுதானே சார்?"

"வெறும் வயிறுதான் டாக்டரம்மா."

டாக்டர் மயக்க மருந்தை ஊசியில் ஏற்றினார். ஆயா அந்தோணியம்மாள் நாயின் தலைப்பக்கம் நின்றாள். தமயந்தி முன்னங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்த இடத்தில் நாடி ஓடியது.

"ராத்திரி ஏதும் கொடுக்கலையே சார்?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

"காலைல?"

"கண்ணுலயே காட்டல. எனக்குப் பல்லு புடுங்குன டாக்டரு கூட இத்தனை கேள்வி கேக்கலம்மா."

அந்தோணியம்மாள் சிரித்தாள். டாக்டர் ஊசியைத் தூக்கிக் காற்றை வெளியேற்றினார்.

தமயந்திக்கு அவள் அம்மா ஞாபகம் வந்தது. குழந்தைக்குச் சர்க்கரை கூடாது என்று இவள் சொல்லிவிட்டு இந்தப் பக்கம் திரும்புவதற்குள், அம்மா விரலில் தொட்டு அதன் வாயில் வைத்துவிடுவாள். கேட்டால், "நான் எங்க கொடுத்தேன்?" என்பாள். முகத்தைப் பார்த்தால் பொய் மாதிரியே இருக்காது.

"மேடம், ஒரு நிமிஷம்." தமயந்தி சாரைப் பார்த்தாள். "சார், நீங்க காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"நானா? வரும்போது டீக்கடையில ஒரு டீ. ஒரு பன் பட்டர்."

"பன் முழுசும் நீங்களே சாப்பிட்டீங்களா?"

சார் பூந்தியைப் பார்த்தார். பூந்தி சாரைப் பார்த்தது.

"என் வாயையே பாத்துக்கிட்டு இருந்துச்சும்மா," என்றார் சார். "திரும்பி வருமோ வராதோன்னு… ஒரு பாதிதான்."

மாடியில் மணியடித்தது. தட்டச்சுச் சத்தம் நின்றது.

யாரும் அவரைத் திட்டவில்லை. டாக்டர் ஹெப்சிபா குழாயடிக்குப் போனார். ஊசியிலிருந்த மருந்தைத் தொட்டியில் பீய்ச்சிவிட்டு, வெறும் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

திரும்பி வந்து, "சனிக்கிழமை வச்சுக்கலாம் சார்," என்றார். பிறகு தமயந்தியிடம், "நீ பண்ணு. நான் நாக்கு பிடிச்சுக்கறேன்," என்றார்.

நாக்கு பிடிப்பது அந்தோணியம்மாளின் வேலை. மயங்கிய நாயின் நாக்கை வெளியே இழுத்துப் பிடித்து, மூச்சு குறைந்து அதன் நிறம் நீலமாக மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்.

சனிக்கிழமை டாக்டர் நாக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். தமயந்தி மருந்தை ஏற்றினாள். மூச்சுக்குழாயில் டியூப் இறக்கினாள். அந்தப் பல்லுக்கு மூன்று வேர். அவசரப்பட்டால் வேர் உள்ளேயே முறிந்துவிடும். பல்லைத் துண்டாக அறுத்து, ஒவ்வொரு வேரையும் அசைத்து அசைத்து எடுத்தாள். நடுநடுவே, "நிறம் எப்படி மேடம்?" என்று கேட்டாள். கேட்ட ஒவ்வொரு முறையும் டாக்டர் குனிந்து பார்த்துவிட்டே, "ரோஸ்," என்றார்.

பல் வந்துவிட்டது. தையலும் முடிந்தது. பூந்தியின் காது அசைந்தது.

"டியூபை எடுத்துரட்டுமா?" என்றாள் அந்தோணியம்மாள்.

"வேண்டாம். முதல்ல அதுவா எச்சில் விழுங்கட்டும்," என்றாள் தமயந்தி.

தொண்டையில் விரலை வைத்தபடி காத்திருந்தாள். கதவுக்கு வெளியே சார் செருப்பு தேய நடப்பது கேட்டது. வெகுநேரம் கழித்து விரலுக்கடியில் ஒரு அசைவு வந்தது. பூந்தி எச்சில் விழுங்கியது. டியூபை உருவினாள். நாய் முனகிக்கொண்டே தலையைத் தூக்கி, கதவுப் பக்கம் பார்த்தது.

சார் உள்ளே வந்து அதன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

தமயந்தி கையுறையைக் கழற்றினாள். விரல்கள் ஆடிக்கொண்டிருந்தன. அவற்றை டாக்டரிடம் நீட்டினாள்.

"இன்னும் போகல மேடம்."

ஹெப்சிபா அந்த விரல்களைப் பார்த்தார்.

"போயிருச்சுன்னா அன்னைக்கு வந்து சொல்லு. மேஜைக்கு வேற ஆள் பாத்துக்கலாம்."