பத்துக் கீறல்

ஒரு காட்டில் ஒரு குரங்கு இருந்தது. நன்றாகக் காய் எறியும். வேறு ஒன்றும் தெரியாது. அதன் பெயர் சுண்டன்.

காய் எறிவதில் என்ன பெருமை என்று கேட்பீர்கள். சொல்கிறேன். குறுக்கே பேசாதீர்கள்.

அந்தக் காட்டின் நடுவே ஓர் ஆறு ஓடியது. இக்கரையில் ஒரு கூட்டம், அக்கரையில் ஒரு கூட்டம். கோடையில் ஆறு வற்றிவிடும். ஒரே ஒரு மடுவில்தான் தண்ணீர் நிற்கும். முதலில் குடிக்கும் கரைக்குத் தெளிந்த தண்ணீர். பின்னால் வரும் கரைக்குச் சேறு. இதற்காகக் கடித்துக் குதறிச் செத்தது போதும் என்று இரண்டு கரையும் சேர்ந்து ஒரு பந்தயம் வைத்துக்கொண்டன.

கோடை பிறந்ததும் ஆற்று மணலில் எல்லோரும் கூடுவார்கள். ஒரு கரைக்காரன் விளாங்காயை எறிவான். மறுகரைக்காரன் கோலோடு நின்று அதை அடிக்க வேண்டும். பிறகு முறை மாறும். எந்தக் கரையின் காய் அடிபடாமல் அதிகம் போகிறதோ, அந்தக் கோடை முழுவதும் தெளிந்த தண்ணீர் அந்தக் கரைக்கு.

சுண்டன் இக்கரைக்காரன். அவன் எறிந்தால் காய் கண்ணில் படாது, சத்தம்தான் கேட்கும். அக்கரையில் கருமந்தி என்று ஒரு கெட்டிக்காரக் குரங்கு கோல் பிடிக்கும். அது கோலை ஓங்குவதற்குள் காய் பின்னாலிருக்கும் பாறையில் பட்டு உடைந்திருக்கும். மூன்று கோடை தொடர்ந்து இக்கரைதான் ஜெயித்தது.

இக்கரைக்குக் கரடி ராஜா. சிங்கம் எங்கே என்று கேட்காதீர்கள், அந்தக் காட்டில் சிங்கம் கிடையாது. கரடியிடம் இருந்ததெல்லாம் தற்பெருமை. அதோடு ஒரு தேன்பாறை. அந்தப் பாறைத் தேனை வேறு யாரும் நக்கக்கூடாது.

மூன்றாவது கோடை முடிந்து முதல் மழை விழுந்த அன்று, கரடியிடம் நரி வந்தது. சுண்டனுக்காகப் பேசுவது நரிதான். சுண்டன் பின்னால் நின்று தலையை மட்டும் ஆட்டும்.

"ராஜா, கெட்ட செய்தி. அக்கரைக்காரர்கள் சுண்டனைக் கூப்பிடுகிறார்கள் போலிருக்கிறது. ஒன்பது கோடைக்கு ஒரு முழு அத்தி மரம் தருவார்கள் போலிருக்கிறது."

கரடிக்கு மயிர் சிலிர்த்தது. "அவன் ஒன்பது என்றால் நான் பத்து! எந்த மரம் வேண்டும்?"

"நானாக எதையும் கேட்கமாட்டேன், ராஜா. உங்கள் கௌரவத்துக்குத் தகுந்த மரமாக இருந்தால் போதும். பெரிய அத்தி ஒன்று நிற்கிறதே..."

பெரிய அத்தி காட்டுக்கே பொது. அதில் பறவை தின்னும், அணில் தின்னும், கீழே விழுவதை மான் தின்னும். கரடி ஒருவரையும் கேட்கவில்லை. விறுவிறு என்று போய் மரத்தின் முன் நின்று நகத்தை நீட்டியது.

அந்தக் காட்டில் ராஜாவின் வாக்கு என்றால் மரப்பட்டையில் நகக்கீறல். ஒரு கீறலுக்கு ஒரு கோடை. கீறிவிட்டால் கீறியதுதான். ராஜாவே நினைத்தாலும் அழிக்க முடியாது.

கரடி பத்துக் கீறல் போட்டது. கூடியிருந்த மிருகங்கள் எல்லாம் ஆரவாரம் செய்தன. மரத்தின் உச்சியில் இருந்த ஆண் இருவாச்சிப் பறவை சிறகை அடித்துக்கொண்டு எல்லோரையும்விடப் பெரிதாகக் கத்தியது.

யானை மட்டும் ஒரு கேள்வி கேட்டது. "பத்தாவது கோடையில் இவன் கை எப்படி இருக்கும்?"

நரி சிரித்தது. "யானை அண்ணே, உங்களுக்கு விளையாட்டு புரியாது."

எல்லோரும் சிரித்தார்கள். யானை போய்விட்டது.

அடுத்த கோடை வருவதற்கு முன்பே சுண்டனின் சொந்தக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். சித்தப்பன் வந்தான். மாமன் வந்தான். மாமனின் மச்சானும் வந்தான். ஆளுக்கொரு கிளையில் காவல். கீழே விழும் பழத்தில் பாதி நரிக்கு.

அந்த மரத்தில்தான் இருவாச்சியின் பொந்து. இருவாச்சியின் வழக்கம் உங்களுக்குத் தெரியுமா? முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை பொந்துக்குள் போய் வாசலை மண்ணால் அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு மட்டும் விடும். உள்ளே அதன் இறகெல்லாம் உதிர்ந்துவிடும், பறக்க முடியாது. குஞ்சு வளரும்வரை ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து இடுக்கு வழியாக ஊட்டும். பழம் வரவில்லை என்றால் தாயும் சாகும், குஞ்சும் சாகும். பொந்தையும் அவை லேசில் மாற்றாது. வருடா வருடம் அதே பொந்து. அந்தக் கோடையும் பெண் இருவாச்சி உள்ளே போய் அடைத்துக்கொண்டது.

மரத்தைத் தூக்கிக் கொடுத்தபோது பொந்தில் இருப்பவர்கள் என்ன தின்பார்கள் என்று ஒருவனாவது யோசித்தானா? இல்லை.

பந்தய நாள் வந்தது. சுண்டன் மணலில் நின்றது. கையைச் சுழற்றியது. தோளில் ஏதோ சொடுக்கென்றது. காய் பாதி வழியில் விழுந்து உருண்டது. கருமந்தி கோலை ஊன்றிக்கொண்டு அதையே பார்த்தது. அடுத்த காயைச் சுண்டன் பல்லைக் கடித்துக்கொண்டு எறிந்தது. கருமந்தி அதை அடித்த அடியில் காய் ஆற்றைத் தாண்டிப் போயிற்று. அதற்குமேல் சுண்டனால் கையைத் தூக்கவே முடியவில்லை.

தெளிந்த தண்ணீர் அக்கரைக்குப் போனது. இக்கரை சேற்றைக் குடித்தது.

சரி, எறியாதவனுக்குப் பழம் எதற்கு என்று ஆண் இருவாச்சி நினைத்தது. மரத்துக்குப் போய் ஒரு பழத்தைக் கொத்தப் போனது.

"ஏய், கையை எடு!" என்றான் மாமனின் மச்சான்.

"எனக்குக் கை ஏது? அலகுதான்."

"அப்படியானால் அலகை எடு. இது சுண்டன் மரம்."

"அவன்தான் எறியவே இல்லையே!"

"எறிந்தால்தான் பழம் என்று எங்கேயாவது கீறியிருக்கிறதா? போய்ப் பார். பத்துக் கோடை என்றுதான் கீறியிருக்கிறது. கை சரியில்லாத கோடையும் கோடைதான்."

சுண்டன் மேல்கிளையில் உட்கார்ந்து இடது கையால் தின்றுகொண்டிருந்தது. வலது கை தொங்கியது.

"உனக்கு வெட்கமாக இல்லையா?" என்று கேட்டது இருவாச்சி.

"நான் கேட்டேனா? கொடுத்தார்கள், வாங்கினேன். உன்னிடம் நீட்டியிருந்தால் நீ வேண்டாம் என்றிருப்பாயா?"

குரங்கு சொன்னதில் தப்பில்லை. எனக்குக் கோபம் குரங்கின் மேல் இல்லை.

ஆண் இருவாச்சி தினமும் அக்கரைக்குப் பறந்து பழம் தேடியது. அங்கே அத்தி குறைவு. ஒரு பழம் கிடைத்தால் பெரிது.

"என்னங்க, இன்றைக்கும் ஒன்றுதானா?" என்று இடுக்கு வழியாகக் கேட்டது பெண் இருவாச்சி.

"தூரத்திலிருந்து கொண்டுவருகிறேன்."

"வெளியே தொப் தொப் என்று பழம் விழுகிறதே. எனக்குக் காது கேட்காது என்று நினைத்தீர்களா?"

"அது நமக்கில்லை."

"பின்னே யாருக்கு?"

"தோள் போனவனுக்கு."

பெண் இருவாச்சி அலகை இடுக்கிலிருந்து உள்ளே இழுத்துக்கொண்டது. பிறகு மெதுவாக, "குஞ்சு கத்துவதை நிறுத்திவிட்டது" என்றது.

ஆண் இருவாச்சி மறுபடி அக்கரைக்குப் பறந்தது. அங்கே கருமந்தி இருந்தது.

"என்னப்பா, இக்கரை ஆள் தினமும் இங்கேயே திரிகிறாய்? உங்கள் பெரிய அத்தி என்னவாயிற்று?"

"சுண்டனுக்குப் போய்விட்டது. எல்லாம் உங்களால்தான். நீங்கள் ஒன்பது கோடைக்கு அவனைக் கேட்டீர்கள், எங்கள் ராஜா பத்துக்கு மடக்கினார்."

கருமந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "நாங்களா? எங்கள் கரையில் இருப்பதே இரண்டு அத்தி. ஒரு குரங்குக்கு ஒன்பது கோடை கொடுக்க எங்களுக்கென்ன பைத்தியமா? இங்கே அந்தந்தக் கோடைக்கு எவன் எறிகிறானோ அவனுக்கு அந்தக் கோடைப் பழம். அவ்வளவுதான்."

"பொய் சொல்லாதே."

"நான் ஏன் பொய் சொல்ல வேண்டும்? இன்னொன்றும் கேள். போன கோடையே அவன் கடைசிக் காயை எறிந்துவிட்டுப் பாறைக்குப் பின்னால் போய்த் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான். நான் என் கண்ணால் பார்த்தேன். உங்கள் நரிதான் பச்சிலை வைத்துத் தேய்த்துவிட்டான்."

இருவாச்சி இக்கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தது. அதன் முகத்தைப் பார்த்துக் கருமந்தி தன் பங்கிலிருந்து ஒரு கொத்து அத்தி பறித்துக் கொடுத்தது. "போ. முதலில் வீட்டுக்குக் கொடு. சண்டையை அப்புறம் போடலாம்."

இருவாச்சி முதலில் பொந்துக்குப் போய் எல்லாப் பழத்தையும் ஊட்டியது. உள்ளே மெல்லியதாக ஒரு சத்தம் கேட்டது. குஞ்சு கத்தியது. பிறகுதான் இருவாச்சி மடுவுக்குப் பறந்தது.

மடுவில் இக்கரை முழுவதும் சேற்றுத் தண்ணீருக்குக் காத்து நின்றது. நடுவில் கரடி ராஜா. பக்கத்தில் நரி. இருவாச்சி கேட்டதை எல்லாம் கொட்டித் தீர்த்தது.

எல்லோரும் நரியைப் பார்த்தார்கள்.

"நான் எப்போது பொய் சொன்னேன்?" என்றது நரி. "'கூப்பிடுகிறார்கள் போலிருக்கிறது' என்றேன். 'தருவார்கள் போலிருக்கிறது' என்றேன். எனக்கு அப்படித்தான் போலிருந்தது."

"அவன் தோள்?" என்று கேட்டது இருவாச்சி.

"யாரும் கேட்கவில்லையே!"

இருவாச்சி கரடியின் பக்கம் திரும்பியது. "ராஜா, என் குஞ்சு பட்டினி கிடக்கிறது. மரத்தைத் திருப்பிக் கொடுங்கள்."

"முடியாது" என்றது கரடி. "ராஜா கீறியது கீறியதுதான். வாக்கு மாறினால் நாளைக்கு என்னை எவன் மதிப்பான்? அன்றைக்கு நீயும்தானே கத்தினாய்?"

"கத்தினேன். அன்றைக்கு என் வயிறு நிறைந்திருந்தது."

அப்போது யானை முன்னால் வந்தது. "ராஜா வாக்கு மாற வேண்டாம்" என்றது.

எல்லோரும் திகைத்தார்கள். கரடி நெஞ்சை நிமிர்த்தியது. "கேட்டீர்களா? யானைக்குத் தெரிகிறது!"

"பத்துக் கோடையும் சுண்டனுக்குச் சாப்பாடு போடத்தான் வேண்டும். போடுங்கள்" என்றது யானை. "ஆனால் ஒரு சந்தேகம். அந்த மரத்தை நட்டது யார்?"

"எங்கள் பாட்டன் போட்ட எச்சத்தில் முளைத்தது" என்றது இருவாச்சி.

"அப்படியானால் மரம் ராஜாவுடையது இல்லை. வாக்குதான் ராஜாவுடையது. நகமும் ராஜாவுடையது." யானை தும்பிக்கையைத் தேன்பாறைப் பக்கம் நீட்டியது. "அந்தத் தேனும் ராஜாவுடையது. அதிலிருந்து கொடுங்கள்."

"தேனா?" கரடி ஓர் அடி பின்வாங்கியது. "தேன் எப்படி... அது என் சொந்தமாயிற்றே!"

மான் கரடியைப் பார்த்தது. அணில் பார்த்தது. சேறு குடித்த வாயோடு காடே பார்த்தது.

கரடி நரியைத் தேடியது. நரி இருந்த இடம் காலி.

"வாருங்கள், ராஜா" என்றது யானை. "பாறையில் பத்துக் கீறல் போடுங்கள். எல்லோரும் பார்க்கட்டும்."

மரப்பட்டையில் கீறல் சுலபமாக விழும். பாறையில் விழாது. முதல் கீறலிலேயே கரடிக்கு நகம் பிளந்தது. மூன்றாவதில் கண்ணில் தண்ணீர் வந்தது. அன்று பொழுது சாய்கிறவரை கீறியது. எத்தனை கோடை கொடுத்தோம் என்று அப்போதுதான் அதற்கு உறைத்தது.

பிறகு யானை பெரிய அத்தியின் கீழே வந்து அடிமரத்தில் முதுகை ஒரு தடவை தேய்த்தது. முதலில் குதித்து ஓடியவன் மாமனின் மச்சான்.

அன்று முதல் ஆண் இருவாச்சி வாசலிலேயே பழம் பறித்து ஊட்டியது. மழைக்கு முன்னால் பெண் இருவாச்சி மண்சுவரைக் கொத்தி உடைத்து வெளியே வந்தது. பின்னாலேயே குஞ்சும் எட்டிப் பார்த்தது. கரடியின் பத்துக் கீறல் இன்னும் அந்த மரத்தில் இருக்கிறது. குஞ்சு அதன் மேல்தான் எச்சமிடப் பழகியது.

சுண்டனுக்குத் தினமும் தேன் போனது. கரடியே சுமந்துகொண்டு போய்க் கொடுத்தது.

அடுத்த கோடைக்கு முன் நரி மறுபடி வந்தது. வெட்கமாவது ஒன்றாவது! கூடவே ஓர் இளங்குரங்கு.

"ராஜா, இவன் எறிந்தால் சத்தம்கூடக் கேட்காது! அக்கரைக்காரர்கள் பன்னிரண்டு கோடை தருவார்கள் போலிருக்கிறது..."

கரடிக்குப் பழைய வேகம் வந்துவிட்டது. நகத்தை நீட்டிக்கொண்டு எழுந்தது.

"எந்தப் பாறையில், ராஜா?" என்று கேட்டது யானை.

கரடி தன் நகத்தைப் பார்த்தது. பிளந்தது இன்னும் சேரவில்லை. மெல்ல உட்கார்ந்தது.

"இந்தக் கோடைக்கு மட்டும் எறியட்டும்" என்றது. "எறிந்த பிறகு பழம்."

நீதி: பிறர் உணவை வைத்து நீண்ட வாக்குக் கொடுப்பது எளிது. தன் உணவை வைத்துக் கொடுக்கச் சொன்னால் வாக்கு தானாகவே குறுகும்.